கோல் முதலில் ஜன்னல் வழியாக வரும்

எங்கள் வீடு கிழக்கு லண்டனில், வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் பழைய மைதானத்திலிருந்து எட்டு நிமிட நடை. அப்பா 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இதே பகுதியில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்த்தார். அந்த சீசனில்தான் வெஸ்ட் ஹாம் இங்கிலாந்தின் உச்ச லீக்கில் மூன்றாவதாக வந்தது, அதைவிட மேலே இன்றுவரை போனதில்லை. கோலடிப்பவர் மெக்கவெனி மட்டும் லீக்கில் 26 கோல். இரவு வேலை முடித்துவிட்டு சனிக்கிழமை பகலில் தூங்கப் பார்க்கும்போது மைதானத்து இரைச்சல் ஜன்னலை உலுக்குமாம், தூக்கம் போய் டீம் பிடித்துவிட்டது. ஆனால் உள்ளே போகப் பல வருடம் துணியவில்லை. நம் நிறத்தைக் கண்டால் கெட்ட வார்த்தை கத்துகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் அப்போது இருந்தார்கள், அதை அப்பா மறைத்ததில்லை.

பெரியப்பா கனடாவில், ஸ்காபரோவில். லண்டனைப் பார்த்ததே இல்லை. அப்பா கடிதத்தோடு பத்திரிகைத் துண்டுகளை வெட்டி வைத்து அனுப்பியே அவரையும் வெஸ்ட் ஹாம்காரர் ஆக்கிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்குள் டிவியில் நேரலையாகக் காட்ட மாட்டார்கள், மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்று 1960களிலேயே வந்த கட்டுப்பாடு அது. வெளிநாட்டில் அந்தத் தடை இல்லை. ஆகவே 2005இல் டீம் திரும்ப பிரீமியர் லீக்குக்கு, அதாவது உச்ச லீக்குக்கு, ஏறிய பிறகு, எட்டு நிமிட தூரத்தில் இருக்கும் எங்களுக்கு ஆட்டம் தெரியாது, ஸ்காபரோவில் காலை பத்து மணிக்கு தேத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்குத் தெரியும். அப்பா ஜன்னலைத் திறந்துவைத்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார், குளிர்காலத்திலும்தான், அம்மா ஏசுவா. திடீரென்று கூரைகளுக்கு மேலால் அந்த முழக்கம் வரும்.

"அண்ணை, கோல்! ஆர் அடிச்சது?"

"பொறு தம்பி, இஞ்ச இன்னும் வரேல்லை."

டிவிப் படம் அங்கே போய்ச் சேரச் சில விநாடி பிந்தும். அந்த இடைவெளியில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம் பெரியப்பா கத்துவார், யார் அடித்தது, எந்தக் காலால், எல்லாம். கோல் முழக்கம் வேறு, தவறிப்போன 'ஊ' வேறு, எதிரணி அடித்தால் வரும் அமைதி வேறு. அப்பாவுக்கு மூன்றும் அத்துப்படி.

2016 மே 10, அங்கே கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டோடு. அது செவ்வாய் இரவு, டிவியில் காட்டினார்கள். ஆனாலும் அப்பா டிவிச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைத்தான் திறந்தார். 3-2 என்று வென்றோம். ரீட் தலையால் அடித்த கடைசிக் கோலுக்கு வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகு டீம் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டது, மைதானத்தை இடித்துக் குடியிருப்புகள் கட்டினார்கள். பெரியப்பா முதன்முதலாக லண்டன் வந்ததே அடுத்த வருடம்தான். இடித்த இடத்தைச் சுற்றியிருந்த தகரவேலி ஓரமாக அண்ணனும் தம்பியும் நடந்தார்கள். பார்க்கிங் (Barking) ரோட்டுச் சந்தியில், 1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்துத் தலைவரும் எங்கள் டீம்காரருமான பாபி மூரைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். "இந்தத் தெருவிலை இருந்துதானே நீ கதைச்சது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

2023 ஜூன் 7, பிராகாவில் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டம், இத்தாலியின் ஃபியோரென்டினாவோடு, 1-1 என்று நின்றது. 1980க்குப் பிறகு அதுவரை எங்களுக்குப் பெரிய கோப்பை ஒன்றும் இல்லை. நாங்கள் இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம், தொலைபேசி ஸ்பீக்கரில். 90ஆவது நிமிடம், எங்கள் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில்தான், அங்கே பெரியப்பா அலறுகிறார்: "தம்பி, போவென் அடிச்சிட்டான்!"

"பொறுங்கோ அண்ணை, இஞ்ச இன்னும் வரேல்லை" என்றார் அப்பா. கண்ணெல்லாம் தண்ணீர்.