டிரான்செக்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அச்சு

தாவரவியல் ஆசிரியர், சேலம்:
நண்பர்களுக்கு வணக்கம். உயர்ந்த மலைகளில் செடிகளையும் விலங்குகளையும் கணக்கெடுப்பது பற்றிய களக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் மாணவர்கள் சேர்வராயன் மலை ஏறுகிறார்கள். நானோ 'டிரான்செக்ட்' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கயிற்றை நேராக இழுத்துக் கட்டி, அதைத் தொடும் செடிகளைக் குறித்துக்கொண்டே நடப்பார்களே, அதுதான். சென்ற ஆண்டு 'குறுக்குவெட்டு' என்று எழுதினேன். பாதிப் பேர் தண்டைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கப் போகிறோம் என்று பிளேடோடு வந்தார்கள். மீதிப் பேர் 'குறுக்கு' என்பதை நம்பி, சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் கயிறு கட்டினார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அதற்கேற்பச் செடிகளும் மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்கத்தான் கயிறே. அவர்களுக்கோ இந்த முனையிலும் உண்ணிச்செடி, அந்த முனையிலும் உண்ணிச்செடி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்மாப்பேட்டை:
மூலச்சொல்லுக்கு 'ஊடே அறுப்பது' என்று பொருள். ஆகவே 'ஊடுகோடு'. இதில் 'கோடு' இருப்பது தனி அழகு. குறளில் அது குளக்கரை. பழம்பாடல்களில் யானைத் தந்தம், மரக்கிளை, சங்கு, மலையுச்சி. பக்கத்துத் திருச்செங்கோட்டைப் பாருங்கள், செம்மலைதானே? மலையில் இழுக்கும் கோட்டுக்கு மலையின் பெயரே வாய்க்கிறது. 'கோடுதல்' என்றால் வளைதல் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி:
ஐயா, நேராக இழுத்த கயிற்றுக்கு வளைவு என்று பெயரா? டிரான்செக்ட் என்றே எழுதிவிடலாம். டிகிரி, மீட்டர் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. இது ஒன்றுக்கு மட்டும் ஏன் வாசலில் காவல்? 1802இல் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையேறி, உயரத்துக்கு உயரம் செடிகளைக் குறித்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் இந்தச் சொல் இல்லாமலேதான் வேலையை முடித்தார்.

காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு:
'கயிற்றுத்தடம்' என்றால் எங்கள் ஆட்களுக்கும் புரியும். தயவுசெய்து 'லைன்' மட்டும் வேண்டாம். இங்கே லைன் என்றால் தொழிலாளர் குடியிருப்பு. மாணவர்கள் அங்கே போய் நிற்பார்கள்.

விலங்கியல் மாணவி:
தடம் என்றால் எங்களுக்குக் குளம்படி. 'கயிற்றுத்தடத்தில் காட்டெருமைத் தடம்' என்று பதிவேட்டில் எழுதினால், எது கயிறு, எது காட்டெருமை என்று நானே மறுநாள் குழம்புவேன்.

நெசவுக் குடும்பத்தவர், பெயர் வேண்டாம்:
பெரியவர் தறிகள் நிறைந்த அம்மாப்பேட்டையில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டாரே! தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. அதற்குக் குறுக்கே போவது ஊடை. மலையைத் தறியாக நினைத்தால் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறுவது பாவு. உயரம் மாறாமல் சுற்றுவதுதான் ஊடை. 'ஊடுகோடு' என்று அச்சடித்தால், சென்ற ஆண்டு தப்பாகக் கயிறு கட்டியவர்கள் செய்தது சரியென்று ஆகிவிடும்.

தமிழாசிரியர்:
ஒப்புக்கொள்கிறேன், தம்பி. நாற்பது ஆண்டு தறிச் சத்தத்தில் பாடம் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை. அப்படியானால் 'பாவுக்கோடு'. பரவுதல், பாவுதல், பாய் எல்லாம் ஓரினம் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
தனி மடலிலேயே இருக்கட்டும், ஐயா.

தாவரவியல் ஆசிரியர்:
பாவுக்கோடு மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே உயரத்தில் வேண்டுமென்றே கோடு போடும் ஆய்வுகளும் உண்டு. அப்போது பாவு உதவாது. 'ஆய்வுக்கோடு' என்று எழுதி, முதல் பக்கத்தில் மட்டும் 'டிரான்செக்ட் என்றும் சொல்வார்கள்' என்று சேர்த்துவிட்டேன். கூடவே ஒரு வரி: 'கயிற்றைச் சரிவின் மேல்நோக்கிக் கட்டுக.' அச்சகத்துக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

தோட்டக்காரர்:
சரி.

விலங்கியல் மாணவி:
சரி, சார். களத்தில் எப்படியும் 'கயிறு' என்றுதான் கூப்பிடப் போகிறோம்.

தமிழாசிரியர்:
எந்த ஆய்வுக்கும் கோடு உண்டு. இந்த மலைக்கென்று அதில் என்ன இருக்கிறது? எனக்கு ஒரு படி அனுப்புங்கள். அச்சான பிறகு பேனாவால் 'பாவுக்கோடு' என்று திருத்தி வைத்துக்கொள்கிறேன்.