ரெட்டை அர்த்தத்தை விட்டா புக்கிங் போயிருமா?

பாம்பன் பலகுரல்:
எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருஷமா மேடைக் காமெடி பண்றேன். முதல்ல பலகுரல், நடுவுல துணுக்கு, கடைசிப் பத்து நிமிஷம் புருஷன் பொண்டாட்டி ஐட்டம். அந்தப் பத்து நிமிஷமும் ரெட்டை அர்த்தம்தான், மறைக்க விரும்பல. விசில் வர்றது அதுக்குத்தான், அட்வான்ஸ் வர்றதும் அதை நம்பித்தான். கோயில் விழா மேடைக்கு 8,000 வாங்குறேன். பங்குனில இருந்து ஆடி வரைக்கும் தேதி இருக்கும். மத்த மாசம் ரிசப்ஷன், கடை திறப்புன்னு ஓடும்.

போன மாசம் பக்கத்து ஊர் மேடை. ஏழாவது படிக்கிற என் மக முன்னாடி உக்காந்திருந்தா. கடைசிப் பத்து நிமிஷத்தை ஆரம்பிச்சதும் எங்க அம்மா அவ கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மேடைல நின்னு பாத்தேன். அன்னையில இருந்து அந்த ஐட்டத்தைச் சொல்ல வாய் வரல.

நான் எழுதி வச்சிருக்கிற மத்ததெல்லாம் நம்ம கடலைப் பத்தினது. லாஞ்ச்னு நாங்க சொல்ற விசைப்படகு, மீன் ஏலம், லாஞ்ச் கடலுக்குப் போகக்கூடாத மீன்பிடித் தடைக்காலம், விரல்ல துணி சுத்திக்கிட்டு கடல்பாசி எடுக்கப் போற அக்காமாருங்க. இதை வச்சு வீடு ஓடுமா? வைகாசில மூணு தேதி கையில இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மண்டபம் மைக்செட்:
தம்பி, இருபத்தஞ்சு வருஷமா செட்டு கட்டுறேன். உங்களை மாதிரி நூறு பேரை மேடைக்குப் பின்னாடி நின்னு பாத்தவன். விட்டுறாதீங்க.

நம்ம பக்கம் வள்ளி திருமணம் நாடகம் போடுறாங்கள்ல, அதுல முதல்ல யாரு வர்றா? பபூன், அதான் கோமாளி. ராத்திரி பத்து மணிக்கு மேல தனி ஆளா வந்து நின்னு, டீக்கடைல நிக்கிறவனையெல்லாம் பாய்ல உக்கார வைக்கணும். அப்புறம் டான்ஸ் காமிக். விடியிற வரைக்கும் ஆட்டம் ஓடணும்ல? இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துல கம்பெனின்னு ஒண்ணு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா புக் பண்ணுவாங்க. கூட்டத்தைப் பிடிக்காத பபூனுக்கு அடுத்த தேதி கிடையாது, ராஜபார்ட் எவ்வளவு நல்லாப் பாடினாலும் சரி. அந்தக் காலத்துல இருந்து ரெட்டை அர்த்தம் பபூனோட ஆயுதம். அதைக் கீழ போட்டுட்டு சண்டைக்குப் போகாதீங்க.

சாயல்குடி டீச்சர்:
மைக்செட் அண்ணன் சொல்வது பாதி கூட்டத்தின் கணக்கு. நாடகத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். விசில் வருவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான். மறு பக்கம் பாயைச் சுருட்டும் சத்தம் உங்கள் ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்காது.

விழாச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அந்தப் பணத்தைச் சமையலறை டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பலகுரல் கலைஞரைக் கூப்பிட்டோம். நல்ல திறமைசாலி. நடுவில் முன்வரிசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் காட்டி, அவள் நிறத்தை வைத்து ஒரு வார்த்தை சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். அதற்குப் பிறகு எங்கள் பள்ளி எந்தக் காமெடிக் கலைஞரையும் அழைத்ததில்லை. அவர் ஒருவரின் ஒரு வாக்கியத்தால் உங்களைப் போன்றவர்களுக்கும் அந்த வாசல் மூடிவிட்டது.

மண்டபம் மைக்செட்:
டீச்சரம்மா, நீங்க சொன்ன அந்தக் கலைஞர் பண்ணது தப்புதான், பிள்ளைய வச்சு சிரிக்கிறதை நானும் ஒத்துக்க மாட்டேன். ஆனா பள்ளிக்கூடம் வருஷத்துக்கு ஒரு நாள் கூப்பிடும். அதுக்காக வருஷம் பூரா ஊர் ஊரா கூப்பிடுறவனை விட முடியுமா? கமிட்டில பேசி புக் பண்றது இளவட்டப் பசங்க. அவங்க போன்ல கேக்குற முதல் கேள்வியே "அண்ணே, கலகலப்பா இருக்குமா?"தான். அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

கீழக்கரை டு துபாய்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கூப்பிடுற பக்கத்துல இருந்து பேசுறேன். இங்க தமிழ் ஆளுங்க குடும்ப நிகழ்ச்சி நடத்துறப்ப கலைஞர் தேடுற வேலை என் தலைல வந்து விழும். பலகுரல் தம்பி, நாங்க முதல்ல கேக்குறது வீடியோ. முழு மேடையும் வெட்டாம வேணும்னு கேப்போம். பத்து நிமிஷம் பாத்துட்டு என் பொண்டாட்டி எந்திரிச்சுப் போனா அந்த ஆள் லிஸ்ட்ல இல்ல. அவ்வளவு சுருக்கமான கணக்கு.

இங்க மேடைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும். மதம், ஆட்சி, நாடு பத்தி ஒரு வார்த்தை தடுக்கி விழுந்தாலும் மாட்டுறது கூப்பிட்ட நாங்க. அதனால பயமில்லாம மைக்கைக் கையில குடுக்கக்கூடிய ஆளுக்குத்தான் டிக்கெட் போடுவோம். ஊர்ல பத்து மேடைல வாங்குறதை இங்க ஒரு மேடைல குடுக்க ஆள் இருக்கு. ஆனா ஊர் மேடைல பேசின வீடியோ உங்களுக்கு முன்னாடியே இங்க வந்து சேர்ந்துரும், அதை மறந்துறாதீங்க.

மண்டபம் மைக்செட்:
காக்கா (உங்க ஊர்ப் பேச்சுல அண்ணே), துபாய்க்கு எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போவீங்க, வருஷத்துக்கு ஒருத்தர்? மிச்ச பேரு இங்கதான நிக்கணும்.

தொண்டி எடிட்டர்:
நான் வீடியோ எடிட்டிங் பண்றவன், பணக்கணக்கு மட்டும் சொல்றேன். யூடியூப்ல விளம்பரக் காசு வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாசத்துல 4,000 மணி நேரம் பாத்திருக்கணும். அதுக்கப்புறம் பெரிய வீடியோவுல வர்ற விளம்பர வருமானத்துல 55 சதவீதம் நமக்கு. இதுல ரெண்டு இடத்துல மேடைக்காரங்க அடி வாங்குறாங்க. ஒண்ணு, பலகுரலுக்கு நடுவுல சினிமாப் பாட்டு, பின்னணி இசை ஓட விடுறது. உரிமைக்காரன் கிளெய்ம் போட்டா அந்த வீடியோ காசு அவனுக்குப் போயிரும். ரெண்டு, பச்சையான பேச்சு. வீடியோவுக்குப் பக்கத்துல யூடியூப் நமக்குக் காட்டுற டாலர் குறி மஞ்சளாகிரும், பாதி விளம்பரக் கம்பெனி அந்த வீடியோ பக்கமே வராது. பத்து லட்சம் பேர் பாத்தும் கை நனையாத வீடியோ என் கையாலயே எடிட் பண்ணியிருக்கேன்.

பலகுரல் அண்ணே, உங்க கடல் ஐட்டத்துல பாட்டும் இல்ல, பச்சையும் இல்ல. அந்த 55 சதவீதம் முழுசா உங்களுக்கு.

மண்டபம் மைக்செட்:
இங்கதான் ஏமாந்துறாதீங்க தம்பி. மேடைல ஒரு ஐட்டத்தை நாப்பது ஊர்ல சொல்லலாம், நாப்பது தடவை காசு. யூடியூப்ல போட்டா ஒரே ராத்திரில நாப்பது ஊரும் கேட்டுரும். மறுநாள் மேடை ஏறினா முன்வரிசைப் பையன் உங்களுக்கு முன்னாடி முடிவைச் சொல்லிருவான். டிவில ஒரு தடவை வந்துட்டு, அதே ஐட்டத்தை ஊர்ல சொல்ல முடியாம நின்னவங்களை நான் பாத்திருக்கேன்.

தொண்டி எடிட்டர்:
அது உண்மைதான் அண்ணே. அதுக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். மேடைல ஒரு வருஷம் ஓட்டி, சாறு இறங்கின பிறகு போடணும்.

தங்கச்சிமடம் லாஞ்ச்:
தடைக்காலம், வீட்டுல இருக்கேன், அதனால இதை முழுசாப் படிச்சேன். எல்லாரும் ரெட்டை அர்த்தத்தைப் பத்தியே பேசுறீங்க. கடல் ஐட்டம் மட்டும் சுத்தம்னு யாரு சொன்னா?

என் தம்பி மூணு மாசம் அக்கரைல, இலங்கைச் சிறையில இருந்தான். அவன் உள்ள இருந்தப்ப எங்க ஊர்த் திருவிழாவுல ஒருத்தர் பேச வந்தாரு. எந்த ஊருன்னு சொல்லல. எல்லை தாண்டி மாட்டுறதை வச்சு ஒரு ஐட்டம். "இவனுக போறப்பவே மாத்துத்துணி எடுத்துட்டுப் போறானுக"ன்னு சொன்னாரு. கூட்டம் சிரிச்சுச்சு. எங்க அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதுல ஒரு கெட்ட வார்த்தை கிடையாது டீச்சர். துபாய்ல போட்டாலும் யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க.

எங்க கஷ்டத்தை வித்து நீங்க காசு பாக்கணுமா?

பாம்பன் பலகுரல்:
அண்ணே, படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. உங்க தம்பி திரும்பி வந்த பிறகு சிறையைப் பத்திப் பேசுவாரா?

தங்கச்சிமடம் லாஞ்ச்:
பேசுவான். வந்த அன்னைக்கு ராத்திரி சோறு போட்டப்ப தட்டைப் பாத்துட்டு "இன்னைக்கு யாரு ஜெயிலர்?"னு அம்மாகிட்டக் கேட்டான். அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. அது அவன் பட்டது, அவன் சொல்றான். மேடைக்காரர் பட்டாரா?

கீழக்கரை டு துபாய்:
இந்த ஒரு பதில்ல நான் இத்தனை வருஷமா வீடியோ பாத்துத் தேடினது இருக்கு.

பரமக்குடி மாணவன்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். சுத்தமா, பாதுகாப்பாப் பேசினாத்தான் பெரிய காசுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கு. அமெரிக்காவுல ஜார்ஜ் கார்லின்னு ஒருத்தர். 1960கள்ல கோட்டு, டை போட்டு டிவிலயும் லாஸ் வேகாஸ் ஓட்டல்லயும் நல்லாச் சம்பாதிச்சவர். 1970ல பேச்சு பிடிக்காம ஒரு ஓட்டல்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க. தாடி வளர்த்து, போர், மதம், டிவில சொல்லக்கூடாத வார்த்தைகள்னு ஐட்டத்தை மாத்தினார். 1972ல மில்வாக்கி ஊர்ல மேடையில இருந்து இறங்கினதும் கைது பண்ணாங்க. அதே வருஷம் வந்த ஆல்பத்துக்கு கிராமி விருது. 1977ல இருந்து 2008 வரைக்கும் ஒரே டிவி நிறுவனத்துக்கு 14 நிகழ்ச்சி பண்ணியிருக்கார். பச்சையாப் பேசினவர் அழிஞ்சு போகல.

சாயல்குடி டீச்சர்:
தம்பி, நல்ல உதாரணம். ஆனால் அவர் பச்சையாகப் பேசியதால் மட்டும் சம்பாதிக்கவில்லை. கூப்பிடுகிற ஆளையே மாற்றிக்கொண்டார். ஓட்டல் முதலாளியை விட்டுவிட்டுக் கல்லூரி அரங்குகளுக்கும் இசைத்தட்டு வாங்குகிறவர்களுக்கும் போனார். ஐட்டத்தை மாற்றினால் பணம் கொடுப்பவரும் மாறுவார். பாம்பன் தம்பி கேட்க வேண்டியதும் அதுதான்: யார் கூப்பிட வேண்டும்?

இன்னொரு நடைமுறை விஷயம். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு ஐகோர்ட் மதுரைக் கிளை அனுமதி தரும்போது போடும் நிபந்தனைகளைக் கமிட்டிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆபாச நடனம், இரட்டை அர்த்த வசனம், சாதி, கட்சித் தலைவர்கள் பற்றிய பாட்டு எதுவும் கூடாது. நிபந்தனை மீறினால் போலீஸ் நிகழ்ச்சியை நிறுத்தலாம். நடுவில் நின்ற மேடைக்கு மீதிப் பணம் யார் கொடுப்பார்கள்?

மண்டபம் மைக்செட்:
அது நிஜம். ஒரு தடவை பாதியில நின்னு போய், எனக்கும் செட்டுக்காசு பாதிதான் வந்துச்சு.

பாம்பன் பலகுரல்:
எல்லாரும் இவ்வளவு நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. நான் பட்ட ரெண்டு அனுபவம் சொல்றேன், இதுலயும் விடை இருக்கலாம்.

2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்தினாங்க. மண்டபம் ஸ்டேஷனோட இறங்கி பஸ் ஏறணும். அதை வச்சு ஒரு ஐட்டம் பண்ணேன். ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்த சாமியார், டிடிஆர், ஆட்டோக்காரர்னு மூணு குரல். ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லா ஓடுச்சு. 2025 ஏப்ரல் 6 புதுப் பாலம் திறந்தாங்க. ஊருக்கே சந்தோஷம், எனக்கும்தான். ஆனா பன்னெண்டு நிமிஷம் ஓடுற ஐட்டம் அன்னைக்கே செத்துப் போச்சு. அந்த இடத்தை நிரப்ப எனக்கு ஆறு மாசம் ஆச்சு. புருஷன் பொண்டாட்டி ஐட்டத்தை நான் விடாமப் பிடிச்சிருந்ததுக்கு இதுவும் காரணம். அதுக்குக் காலாவதியே கிடையாது.

ரெண்டாவது, தடைக்கால ஐட்டம். "ஏப்ரல் 15 வந்தா கடல்ல மீனுக்கெல்லாம் விடுதலை. எங்க அம்மாவுக்கு 61 நாள் தண்டனை. அப்பா வீட்டுல! மூணாவது நாள் அம்மா மீன் வாங்கிட்டு வந்தாங்க. அப்பா விசாரணை: ஏது மீனு? நாட்டுப்படகு மீனு. இவ்வளவு நல்ல மீனா? ஆமா, நீங்க வீட்டுல இருந்தாத்தான் கடல்ல நல்ல மீன் இருக்கு." பாம்பன்ல இதைச் சொன்னா பொம்பளைங்க பக்கம் சிரிப்பு அடங்க ரெண்டு நிமிஷம் ஆகும். கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல சொன்னேன். ஒருத்தர் கூட சிரிக்கல. தடைக்காலம்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை முன்னாடி ஒரு வரி சேர்த்தேன்: "உங்க ஊர்ல மில்லை மூடினா அப்பா வீட்டுல இருப்பார்ல, எங்க ஊர்ல வருஷா வருஷம் கடலையே மூடிருவாங்க." சிரிச்சாங்க. பாம்பன் அளவுக்கு இல்ல, ஆனா சிரிச்சாங்க. அந்தக் காலேஜ்ல 15,000 குடுத்தாங்க.

லாஞ்ச் அண்ணே, எங்க அப்பாவும் லாஞ்ச்லதான் போனார். தடைக்காலம் நான் பாத்து வளந்தது, அதைச் சொல்வேன். சிறை நான் படாதது. அதைத் தொட மாட்டேன்.

தங்கச்சிமடம் லாஞ்ச்:
அது போதும் தம்பி. ஏலக்காரர் குரல் எடுப்பீங்கன்னா ஒரு நாள் விடியக்காலைல வாங்க, தடை முடிஞ்ச பிறகு. நிஜமாக் கேட்டு எடுங்க. மேடைல எல்லாரும் தப்பாத்தான் பண்றாங்க.

பாம்பன் பலகுரல்:
கட்டாயம் வர்றேன் அண்ணே. வைகாசி மூணு தேதில ரெண்டு கமிட்டிக்குப் போன் போட்டு, கடைசிப் பத்து நிமிஷம் இருக்காது, கடல் ஐட்டம்தான்னு முன்கூட்டியே சொல்லிட்டேன். ஒருத்தர் சரின்னுட்டார். இன்னொருத்தர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார், அனுப்பிட்டேன். 2,000 போச்சு, அதோட அந்த மேடையும் போச்சு. மூணாவது ஊருக்கு இன்னும் பேசல.

மண்டபம் மைக்செட்:
போச்சுல்ல? இதைத்தான் முதல்லயே சொன்னேன். நான் சொன்னதுல இப்பவும் மாத்தம் இல்ல. சரின்னு சொன்ன ஊரு எதுன்னு விசாரிச்சேன், அங்க செட்டு நம்மளுதுதான். வழக்கமா ஆம்பளைங்க பக்கம் ரெண்டு பாக்ஸ், பொம்பளைங்க பக்கம் ஒண்ணு வைப்போம். அன்னைக்கு அந்தப் பக்கமும் ரெண்டு வைக்கிறேன். ஏழு மணிக்கே வந்துருங்க, மைக் டெஸ்ட் பண்ணணும்.