செட் மெனு சலுகை: கல்லடி, பாசிக்குடாவில் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ஒரே விலைக்குத் தொடக்கம், பிரதான உணவு, இனிப்பு என மூன்றும் தரும் செட் மெனு சலுகையில், இதுவரை போகாத இரண்டு இடங்களுக்கு 6 பேர் போகப்போகிறோம். இரண்டும் மட்டக்களப்பு மாவட்டத்தில்: கல்லடியில் ஒன்று, பாசிக்குடாவில் ஒன்று.

முதலில் விலை. அட்டையில் 3,500 ரூபாய்க்குப் பக்கத்தில் கூட்டல் குறி இரண்டு இருந்தால், சேவைக்கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் தனியே ஏறும். பில் 4,480க்குக் குறையாது. தண்ணீர்ப் போத்தல் அதற்கும் வெளியே. நண்டோ பெரிய இறாலோ எடுத்தால் சில இடங்களில் மேலதிகக் கட்டணமும் உண்டு. அதனால் அட்டை விலை வேண்டாம், தலைக்கு முடிவாக எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதுங்கள்.

நண்டு எப்படி இருந்தது? சரியாக வைக்காத உறைநண்டு என்றால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் மாவாக உதிரும். களப்பு நண்டு புதிதாக இருந்தால் சதை நார்நாராகக் கழன்று வரும். அதைக் கவனித்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.

சனி இரவு 8 மணிக்கு எல்லா மேசைக்கும் ஒரே நேரத்தில் தட்டுப் போவதால் குசினி திணறும். 6.30க்கு மேசை தருகிறார்களா? முற்பணம் கேட்கிறார்களா? ஹலால் உண்டா?