தலைமாடு, கால்மாடு

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். 1990-களில் ஒரு பயிற்சி மையத்து எம்.ஐ. ரூமில், அதாவது நோயாளிகளைப் பார்க்கும் அறையில், நடந்தது இது.

ஒரு காலை, உடம்பு சரியில்லை என்று வந்து சொல்லும் சிக் ரிப்போர்ட்டில் ஒரே பேரக்கிலிருந்து (பையன்கள் தங்கும் கூடம்) மூன்று பையன்கள். மூவருக்கும் காதுக்குக் கீழே வீக்கம். ஒருவன் நம்ம பல்லடத்துக்காரன். "பொன்னுக்கு வீங்கிங்ணா. ஊட்ல இருந்தா அம்மா கழுத்துல சங்கிலி போட்டு உட்ருக்கும்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு நாளாம்.

நாலு நாளும் பயிற்சி ஓட்டம் ஓடியிருக்கிறான், லங்கரில் (சாப்பாட்டுக் கூடம்) எல்லோரோடும் சாப்பிட்டிருக்கிறான். ரெலிகேஷன் பயம்தான் காரணம். ஆஸ்பத்திரியில் படுத்தால் பின்னால் வரும் பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள். கூட வந்தவர்கள் பயிற்சி முடிவில் உறுதிமொழி எடுக்கும் கஸம் பரேடு முடித்துப் போவதை நின்று பார்க்க வேண்டும். அந்த வலி எனக்குப் புரியும். ஆனால் இந்தக் கிருமி வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும், வீங்கிய பிறகும் ஐந்து நாள் பரவும். தொற்றியவனுக்கு வீக்கம் வர பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். அதனால் இரண்டரை வாரம் கழித்து அடுத்த கூட்டம் வருமென்று எதிர்பார்த்தோம். வந்தது.

வீங்கியவர்களைத் தனி வார்டில் வைத்தோம். அந்தப் பேரக்குக்கு ஓட்டமும் சாப்பாடும் தனி நேரத்தில். கட்டில்களைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டோம். இடமில்லாத பேரக்கில் ஒருவன் மூச்சு அடுத்தவன் முகத்தில் படாமலிருக்க வேறு வழி கிடையாது. ஆனால் நோயை அடக்கியது இவையெல்லாம் அல்ல என்றே நினைக்கிறேன். அன்றைக்கே வந்து சொல்பவனுக்கு, விட்டுப்போன பயிற்சியை அதே பேட்ச்சில் ஈடுகட்டித் தருவோம் என்று அதிகாரி அறிவித்தார். அப்புறம் தாடை லேசாக வலித்தாலே பையன்கள் தாங்களாக வந்தார்கள். மூன்றாம் சுற்றில் இரண்டே பேர்.

வயசுப் பையன்களுக்கு இது சின்ன நோய் இல்லைங்க. விதைக்கொட்டை வீங்கும். பல்லடத்துப் பையனுக்கு அதுவும் வந்தது. இனி குழந்தை பிறக்குமா என்று ராத்திரியெல்லாம் அழுதான். அடியோடு மலடாவது அபூர்வம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அரசு அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான் ஊசி; இதற்கான எம்.எம்.ஆர். ஊசியை நாமாகக் கேட்டுத்தான் போட வேண்டும். ஆள்சேர்ப்புக்குப் பிள்ளையைத் தயார் செய்பவர்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு கோபியிலிருந்து ஒருவர் எழுதியது:

அண்ணா, நானும் மறைத்தவன்தானுங்க. அசாமில் மலேரியா வந்து, பிரைமாக்குவின் மாத்திரையை 14 நாள் சாப்பிடச் சொன்னார்கள். லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஆறாம் நாளே விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து, அறுப்பு நேரத்தில், ஊரில் குளிர்காய்ச்சல். இங்கே டெங்குவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அசாமில் மலேரியா வந்ததை நான் வாயே திறக்கவில்லை. எனக்கு வந்த விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் பதுங்கியிருந்து திரும்ப வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. வாய்க்கால் ஓரத்து வீடு, தொட்டிலில் அக்கா குழந்தை. என்னைக் கடித்த கொசு பிறகு அதைக் கடித்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.