‘ப்ராஸ்பெக்டஸ்’: கல்லூரிக்கும் பங்குச் சந்தைக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதுமா?

கேள்வி:
பங்கு வெளியீட்டு ஆவணம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கல்லூரிச் சேர்க்கையின்போது விண்ணப்பத்தோடு தரும் ப்ராஸ்பெக்டஸைத் ‘தகவல் தொகுப்பேடு’ என்று எழுதிப் பழகிய கை, இங்கும் அதையே எழுதிவிட்டது. சரிபார்த்தவர் அச்சொல்லைச் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் இட்டுத் திருப்பியிருக்கிறார். மூலச்சொல் ஒன்றுதானே, பிழை எங்கே?

மறுமொழி 1:
இலத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னே. ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். ஆகவே ப்ராஸ்பெக்டஸ் என்பதற்குக் கண்முன் விரியும் காட்சி என்பதே முதற்பொருள். இன்னும் உருவாகாத ஒன்றைக் காட்டிப் பணம் கேட்கும் தாளுக்கு அப்பெயர் பொருந்திவிட்டது. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்திற்காக அதன் ஆசிரியர் திதரோ 1750-இல் எழுதிய ப்ராஸ்பெக்டஸ் அத்தகையதே: எட்டு உரைத் தொகுதிகளும் இரண்டு படத் தொகுதிகளும் வரும் என்று சொல்லி முன்பணம் கட்டுவோரை அழைத்தது, வந்தவையோ 17 உரைத் தொகுதிகளும் 11 படத் தொகுதிகளும். (முன்பணம் கட்டியவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.)

பன்மையை ‘ப்ராஸ்பெக்டை’ என்று சிலர் சொல்வது தவறு. இலத்தீனில் இது நான்காம் வகைப் பெயர்ச்சொல், அவ்வகையின் பன்மை அப்படி முடியாது. நமக்கு ‘ப்ராஸ்பெக்டஸ்கள்’ போதும்.

மறுமொழி 2:
சொல் ஒன்றுதான், ஆனால் சுமக்கும் பொறுப்பு வேறு. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுமச் (கம்பெனிகள்) சட்டத்தின் 2(70)-ஆம் பிரிவு, ஒரு நிறுமத்தின் பங்கு முதலிய பிணையங்களை வாங்கப் பொதுமக்களை அழைக்கும் அறிவிப்பு, சுற்றறிக்கை, விளம்பரம் ஆகியவற்றையும் ப்ராஸ்பெக்டஸ் என்ற வரையறைக்குள் அடக்குகிறது. அதில் பொய்யோ திசைதிருப்பும் கூற்றோ இருந்தால் 34-ஆம் பிரிவு குற்றப் பொறுப்பையும், 35-ஆம் பிரிவு இழப்பீட்டுப் பொறுப்பையும் சுமத்துகின்றன.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் இங்கிலாந்தின் டெரி எதிர் பீக் வழக்கு நிற்கிறது. நீராவியால் டிராம் ஓட்டும் உரிமை தனக்கு உண்டு என்று ஒரு நிறுமத்தின் ப்ராஸ்பெக்டஸ் சொன்னது. வணிக வாரியத்தின் ஒப்புதல் கிடைத்தால்தான் அவ்வுரிமை என்பதைச் சொல்லவில்லை. பெரும்பகுதிக்கு ஒப்புதல் கிடைக்காததால் நிறுமம் கலைக்கப்பட்டது. ஆனாலும், இயக்குநர்கள் தாம் சொன்னதை மெய்யாகவே நம்பினார்கள், எனவே அது வஞ்சகமாகாது என்று அன்று அந்நாட்டின் உச்ச முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1889-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, நம்பியதற்குத் தக்க காரணமும் இருந்தாக வேண்டும் என்று தனிச்சட்டம் வந்தது. ‘தொகுப்பேடு’ என்றால் இந்தக் கனம் வராது. ‘வெளியீட்டு விளக்க அறிக்கை’ என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அட்டையில் ‘ரெட் ஹெர்ரிங்’ என்றிருப்பதைச் ‘சிவப்பு மீன்’ ஆக்கியிருந்தேன். அதையும் மாற்ற வேண்டுமா?

மறுமொழி 2:
உடனே மாற்றுங்கள். விலையோ பங்குகளின் அளவோ முழுமையாகக் குறிக்கப்படாத ஆவணம் அது. அட்டையில் சிவப்பு மையில் எச்சரிக்கை அச்சிடும் அமெரிக்க வழக்கத்தால் வந்த பெயர். ‘விலை குறிக்கப்படாத முன்னறிக்கை’ என்றால் முதலீட்டாளருக்குப் புரியும்.