பழைய வண்டி கரண்ட் தொல்லை: உங்க கதையையும் சொல்லுங்க

கறுப்பு அம்பி, காரைக்குடி

நம்ம வீட்ல நிக்கிறது 1986 அம்பாசிடர், மார்க் 4, அப்பா வாங்குனது. பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டைனமோவ எடுத்துட்டு அதுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர் போட்டது மட்டும்தான் இதுல நடந்த ஒரே மாற்றம், மத்தபடி ஒயர்கூட அந்தக் காலத்து துணி சுத்துன டேப்போட அப்படியே இருக்கு. ஸ்டார்ட் ஆனதும் ஒரு தடவ உர்ர்ருனு நல்லா ரேஸ் குடுத்துட்டுத்தான் கியர் போடணும்னு அப்பா ஒரு சட்டம் வச்சிருக்கார், ஏன்னு கேட்டா மொறைப்பார், நானும் அப்படியே பழகிட்டேன்.

போன ஆடியில இஞ்சின் மவுண்ட் ரப்பர் நஞ்சு போச்சுன்னு ஒரு பட்டறையில விட்டு மாத்துனேன். வீட்டுக்கு வந்த மறுநாள் காலைல செல்ஃப் அடிச்சா கிர்... கிர்...னு மூச்சு வாங்குது. பேட்டரிதான்னு முடிவு பண்ணி புதுசு போட்டேன், அஞ்சாயிரத்துச் சொச்சம். அதே கிர்... கிர்... சரி செல்ஃப் மோட்டார்ல பிரஷ் தேஞ்சிருக்கும்னு அதையும் கழட்டி பிரஷ்ஷு புஷ்ஷு எல்லாம் மாத்துனோம், அதே கதைதான். மூணாவது நாளு நான் சாவியத் திருக்க பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்ணு "அப்பா ஏதோ கருகுற வாசன வருது"ங்கிறா, நான் சோக் குமிழ உள்ள தள்ளலாம்னு தொட்டேன், சுரீர்னு கையச் சுட்ருச்சு. பானெட்டத் தொறந்து பாத்தா சோக் கேபிள் மேல இருந்த உறை உருகி வழிஞ்சு புகை வருது.

இஞ்சின் நாலாபக்கமும் ரப்பர் மேல உக்காந்திருக்குல்ல, அதுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு தட்டையான பின்னல் எர்த் ஸ்ட்ராப் போகும், செல்ஃப் இழுக்குற நூத்துக்கணக்கான ஆம்பியர் அது வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பிப் போகணும். மவுண்ட் மாத்துனவங்க அதக் கழட்டிட்டு மாட்டல. கரண்டு வேற வழி தேடி சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கம்பின்னு கெடச்சதெல்லாம் புடிச்சுப் போயிருக்கு. மீட்டர்ல ஒரு முனைய இஞ்சின் பிளாக்லயும் இன்னொன்ன பேட்டரி நெகட்டிவ் முனையிலயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொன்னேன், அஞ்சு வோல்ட் காட்டுச்சு, ஒழுங்கா இருந்தா அங்க 0.2 தாண்டக்கூடாது. ஜம்ப்பர் கேபிள் ஒண்ண பிளாக்குலேர்ந்து நெகட்டிவ்க்கு மாட்டுனதும் ஒரே அடில ஸ்டார்ட். அந்த ஸ்ட்ராப் எங்க இருந்துச்சு தெரியுமா, டிக்கில ஸ்டெப்னிக்கு அடியில, போல்ட்டோட பத்திரமா.

உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க, எனக்கு மட்டுந்தான் இப்படியான்னு தெரிஞ்சுக்கணும்.

உப்புக்காத்து, தூத்துக்குடி

உங்களுக்கு மட்டும் இல்ல அண்ணாச்சி. நம்மளது 98 மாடல் மாருதி 800, வீடு கடலுக்கு நாலு தெரு தள்ளி. ரைட் இன்டிகேட்டர் போட்டா டெயில் லேம்ப்பும் சேந்து கண்ணடிக்கும், பிரேக்க மிதிச்சா இன்டிகேட்டர் அப்படியே நின்னுரும், ராத்திரி பின்னால வாறவன் என்ன நெனப்பான்னு சொல்லுங்க. பிளாஷர் மாத்துனாங்க, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்க ஸ்விட்ச மாத்துனாங்க, ஒருத்தரு மொத்த ஒயரிங்கும் புதுசு போடணும்னு எட்டாயிரம் கேட்டாரு.

கடைசில ஒரு ஞாயித்துக்கிழம நானே டிக்கி ஓரத்து அட்டைய உரிச்சுப் பாத்தா, டெயில் லேம்ப்லேர்ந்து வாற கறுப்பு ஒயரு பாடில முறுக்குற இடத்துல ரிங் டெர்மினல் பச்சக்களிம்பு புடிச்சு, தொட்டா உதிருது. 21/5 வாட்ஸ் பல்புல ரெண்டு பிலமென்ட் இருக்குல்ல, எர்த் போச்சுன்னா பிரேக் கரண்டு பக்கத்து பிலமென்ட் வழியா திரும்பி அடுத்த லைட்டுக்குள்ள பூந்து வெளிய போகப் பாக்கும், அதான் இந்தக் கூத்து. பெயின்ட்ட சுரண்டி உப்புத்தாள் போட்டு தேச்சு, புது ரிங் அமுக்கி, மேல வாஸ்லின் தடவுனேன். பத்து ரூவா ஆகல.

ஒண்ணு கவனிச்சேன், ஒரு லைட்டு போட்டா சம்பந்தமே இல்லாத இன்னொண்ணு மங்கலா எரிஞ்சா அது அநேகமா எர்த்துதான்.

பழைய ஒயர்மேன், மதுரை

35 வருஷம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பாத்துட்டு இப்ப சும்மா இருக்கேன் தம்பிகளா. படிக்கப் படிக்க சிரிப்பும் வருது எரிச்சலும் வருது, ஏன்னா மீட்டரத் தொடாம சாமானத்தக் கழட்டுறதுதான் நம்ம ஊர் வைத்தியம். பேட்டரில ராத்திரி பூரா சும்மா நின்ன பிறகு 12.6 இருந்தா புல்லு, 12.2 இருந்தா பாதி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா அப்பப் பேட்டரிய சந்தேகப்படு. வண்டி ஓடும்போது 13.8லேர்ந்து 14.4 வரணும். இத்தனதான், அஞ்சு நிமிஷ வேல. இதப் பாக்காம ஒருத்தன் பேட்டரி வாங்குனேன்னு சொன்னா அவன் கடக்காரனுக்கு மொய் எழுதிருக்கான்னு அர்த்தம்.

இன்னொரு கெட்ட பழக்கம், வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலக் கழட்டி, இஞ்சின் நிக்கலன்னா டைனமோ நல்லாருக்குன்னு சொல்றது. அந்தக் காலத்து டைனமோவுக்கு அது ஓடிச்சு. ஆல்டர்னேட்டர்ல அப்படிப் பண்ணா வோல்டேஜ் எகிறி, உள்ள கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடுற டயோடு போயிரும், நல்லா இருந்தத நீயே கெடுத்த கணக்கு. நான் அப்படிப் பண்ணி ஒண்ண எரிச்சுட்டுத்தான் சொல்றேன், முதலாளி ரெண்டு வார கூலில புடிச்சாரு.

அப்புறம் ஒரு விஷயம். ஒரு வாத்தியார் வண்டி, சார்ஜே ஏறல, ரெண்டு பட்டறைல ஆல்டர்னேட்டரப் பிரிச்சு பிரஷ், ரெகுலேட்டர் எல்லாம் மாத்திருக்காங்க. எங்கிட்ட வந்தப்ப நான் சாவிய மட்டும் ஆன் பண்ணேன், டேஷ்போர்டுல சிவப்பு சார்ஜ் லைட்டு எரியல. பல்பு பியூஸ். பழைய ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்டே அந்த பல்பு வழியாத்தான் போகுது, அது போகலன்னா உள்ள காந்தம் முழிக்காது. பல்பு மாத்துனதும் 14.2. வாத்தியார் என்னய நம்பவே இல்ல, பாக்கெட்ல வேற ஏதோ வச்சிருக்கேன்னு நெனச்சாரு.

வெள்ளை பத்மினி, கோயமுத்தூர்

ஐயா நீங்க சொன்னதுக்கு நேர் எதிர் எனக்கு. சார்ஜ் நல்லா ஏறுதுங்க, ஆனா மூணு நாள் நிறுத்துனா நாலாவது நாள் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணோணும். நெகட்டிவ் கேபிளக் கழட்டி நடுவுல டெஸ்ட் லேம்ப் போட்டுட்டு ஒவ்வொரு பியூஸா உருவுனேன், எல்லாத்தையும் உருவுனப்பறமும் லேம்ப் எரியுதுங்க. மீட்டர்ல பாத்தா 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு பத்து ஆம்பியர்-ஹவர் கிட்ட காலி, பேட்டரியே 40தானுங்க. ஒண்ணும் புரியாம அப்படியே கையூன்றி நின்னனுங்க, ஊன்றுன இடம் ஆல்டர்னேட்டர். ராத்திரி பூரா நின்ன வண்டி, காலைல ஆறு மணி, குளுந்து கெடக்க வேண்டியது வெதுவெதுன்னு இருக்குது! பின்னால தடிச்ச ஒயரக் கழட்டுனேன், லேம்ப் அணைஞ்சுது. உள்ள டயோடு ஒண்ணு ஒழுகிட்டு இருந்துருக்குதுங்க.

மைனர், யாழ்ப்பாணம்

எங்கட வீட்டில நிக்கிறது மொரிஸ் மைனர், அப்பப்பான்ர கார். சண்டை நேரம் பெற்றோல் வராத காலத்தில கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினது. நீங்கள் எல்லாரும் நெகற்றிவ்தான் எர்த் எண்டு எழுதுறியள், இதில பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகும், அந்தக் காலத்து இங்கிலீஷ் கார் கனக்க அப்பிடித்தான்.

போன வருசம் பற்றரி மாத்தின பெடியன் பழக்கத்தில திருப்பிப் பூட்டிப்போட்டான், முனை சைஸ் சரிவரேல்ல, அதைத் தட்டி இறுக்கியும் இருக்கிறான். பகிடி என்னெண்டா ஸ்ராட்டர் வழமைபோலச் சுத்திச்சுது, லைற்றும் எரிஞ்சது, ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்ல. இஞ்சின் பிடிச்சு டைனமோ கரண்ட் விட்டவுடன டைனமோவைப் பற்றரியோட சேர்க்கிற கட்-அவுட் பெட்டிக்குள்ள பளிச்செண்டு ஒரு மின்னல், பொயின்ற் ரெண்டும் ஒட்டிப்போச்சு, மச்சான் ஆசையாப் பூட்டின ரேடியோவும் அதோட போச்சுது. பழைய மெக்கானிக் ஐயா ஒருத்தர் வந்து பொயின்ற்றை அராவி, பற்றரியைச் சரியாத் திருப்பி வைச்சு, டைனமோவில காந்தச் சுருளுக்குப் போற எஃப் வயரைக் கழட்டிப்போட்டு, உள்ள காந்தம் சரியான பக்கம் வர அந்த முனைக்குப் பற்றரியில இருந்து ஒருக்காத் தொட்டெடுத்தவர். அதுக்குப் பிறகுதான் சார்ஜ் வந்தது. பற்றரிக்குப் பக்கத்தில இப்ப சிவப்பு பெயின்ற்றால எழுதி வைச்சிருக்கிறன்.

கறுப்பு அம்பி, காரைக்குடி

எல்லாருக்கும் நன்றி. கோயமுத்தூர்க்காரர் எழுதுனதப் படிச்சுட்டு காலைல அஞ்சரைக்கே போய் ஆல்டர்னேட்டரத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுனுதான் இருக்கு. அப்படியே மதுரை ஐயா சொன்னது ஞாபகம் வந்து சாவிய மட்டும் ஆன் பண்ணேன். சார்ஜ் லைட்டு எரியல. யோசிச்சுப் பாத்தா அது எரிஞ்சு நான் பாத்ததே இல்ல, இந்த வண்டில அது கெடையாதுன்னே நெனச்சுட்டு இருந்திருக்கேன். டேஷ்போர்டு மீட்டர் கிளஸ்டர் பின்னால கைய விட்டு ஹோல்டர உருவுனா பல்பு உள்ள கறுத்துக் கெடக்கு.

புது பல்பு போட்டு ஸ்டார்ட் பண்ணேன், ரேஸே குடுக்கல, ஐடில்லயே லைட்டு அணைஞ்சு மீட்டர்ல 14.1. முன்னாடி அந்த உர்ர்ரு சத்தம் குடுத்தாத்தான் அது தானா முழிச்சு சார்ஜ் ஏத்திருக்கு போல. அப்பாகிட்ட ஓடிப்போய் விளக்கமாச் சொன்னேன். பேப்பர மடிக்காமலே, "அதுக்குத்தானடா ரேஸ் குடுக்கச் சொன்னேன்"ங்கிறார்.