ஃபியட் கதவின் அலுமினியப் பட்டை: மூலையில் விரிசல்

கேள்வி: அப்பா 1968இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட்டைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். கதவின் உள்பக்க அலுமினியப் பட்டை ஒன்று காணாமல் போய்விட்டது. அதே 12 மி.மீ. அகலத்தில் புதிது வாங்கி, மூலைக்குக் கையாலேயே வளைத்தேன். வெளிவிளிம்பில் மயிரிழை விரிசல், உள்விளிம்பில் அலை அலையாகச் சுருக்கம். என்ன செய்யலாம்?

பதில்: புதுப் பட்டை விறைப்பாக இருக்கும், முதலில் இளக்க வேண்டும். வளையும் இடத்தில் துணி சோப்பைத் தேய்த்து, பின்பக்கமாகத் தீயைக் காட்டுங்கள். சோப்பு கருத்ததும் தீயை எடுத்துவிடுங்கள். இரும்பு மாதிரி சிவக்கும் என்று காத்திருக்காதீர்கள். 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும்.

இன்னொரு பதில்: மரக்கட்டையில் அச்சு அறுத்துக்கொள்ளுங்கள். விட்டதும் பட்டை கொஞ்சம் விரியும், அதனால் அச்சின் வளைவு சற்று இறுக்கமாகவே இருக்கட்டும். ரப்பர் சுத்தியல்தான். இரண்டு பக்கமும் நீளம் விட்டு வளைத்து, அப்புறம் வெட்டுங்கள்.

கேட்டவர்: சோப்பு கைகொடுத்தது! வேப்பங்கட்டை அச்சில் ஈயக்கம்பி மாதிரி படிந்தது. சுருக்கம் எழும்ப எழும்பத் தட்டி அமர்த்தினேன். கதவில் வைத்துப் பார்த்தால் மூலையில் அரை நூல் இடைவெளிதான். அதையும் நாளைக்குச் சரிசெய்துவிட்டுத்தான் பாலிஷ். அப்பாவை உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும்.